துளை போடாத கூரை

சேரன்மகாதேவிப் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் அனஸைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரே காரணம்தான். அவன் கூரையில் துளை போட மாட்டேன் என்றான்.

நம் பக்கத்தில் ஒரு பொருள் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்றால் ஆணியோ திருகோ அதற்குள் இறங்கியாக வேண்டும். இறங்கினால்தான் நமக்கு நிம்மதி. ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டு அடித்து, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வருவோம். அப்பேர்ப்பட்ட ஊரில் வந்து நின்றுகொண்டு, சோலார் பேனல்களைக் கூரைமேல் வெறும் கவ்வலிலேயே நிறுத்திக் காட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பத்தான் செய்வார்கள்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. இப்போது வருகிற புதுவிதக் கூரையில் தகரத்தின்மேல் தகரத்தை வைத்துத் திருகுவது கிடையாது. ஒவ்வொரு தகரத்தின் ஓரத்தையும் நிமிர்த்தி, பக்கத்துத் தகரத்தின் ஓரத்தோடு சேர்த்து மடித்துவிடுகிறார்கள். கூரை முழுக்க அந்த மடிப்புகள் இரண்டு விரல் உயரத்துக்கு வரிவரியாக நிற்கும். வெயிலில் தகரம் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கும் அடியில் இடம் விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போக மேலே ஓர் ஓட்டை இருக்காது. அந்த மடிப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பை மாட்டி, கிளாம்ப்பின்மேல் சட்டம் வைத்து, சட்டத்தின்மேல் பேனலை ஏற்ற வேண்டும். சவூதியில், தம்மாம் நகரத்தில், பெரிய பெரிய கிடங்குகளின்மேல் அனஸ் வருஷக்கணக்காகப் பார்த்த வேலை இதுதான்.

அந்த வேலையை விட்டுவிட்டு அவன் மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் மகள் இஷ்ரத். ஒரு தடவை விடுமுறைக்கு வந்திருந்தபோது, பிள்ளை அடுக்களையில் நின்று, "அவங்க எப்பம்மா போவாங்க?" என்று தாயிடம் கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. அதற்கு அவன் மனைவி ஹம்னா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை தன்னை விருந்தாளி என்று நினைக்கிறது என்றால், அப்புறம் என்ன சம்பாத்தியம், என்ன வீடு? அடுத்த முறை வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஊரிலேயே பிழைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவன் கேட்டது. ஹம்னாவின் தம்பி ஆமிர் மட்டும் தம்மாமிலிருந்து விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தான். விசா தயாராக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பான். நல்ல பையன்தான், ஆனால் அவன் பெயர் போனில் வந்தாலே அனஸ் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

ஊரில் அவனுக்குத் துணையாகச் சேர்ந்தவன் கார்த்திகேசன். குறுக்குத்துறைக்காரன். இரண்டு பேரும் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அனஸ் கடல் தாண்டிப் போன காலமெல்லாம் கார்த்திகேசன் இங்கேயே ஷீட் கூரை போட்டுக்கொண்டிருந்தான். கைவேலை சுத்தம், வாய் கம்மி. அனஸ் எந்தக் கூரையில் ஏறினாலும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவன்தான் நிற்பான். வேறு யாரையும் பிடிக்க விட மாட்டான்.

அவனுக்கு ஒரு பழைய பயம் இருந்தது. கயத்தாற்றுப் பக்கம் ஒரு டீக்கடைக்கு அவன் போட்ட ஷீட், ஆடிக் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்க் கடைக்காரரின் மனைவி மேல் விழுந்தது. உயிர் தப்பியது, வலது கை போய்விட்டது. இத்தனை திருகு எதற்கு, கொஞ்சம் குறைத்துப் போடு என்று சொன்னது கடைக்காரர்தான். சரி என்று தலையாட்டியது கார்த்திகேசன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அவனுக்கு அது வேடிக்கை இல்லை. அதற்குப் பிறகு, அவன் போட்ட எந்தக் கூரையிலும் திருகுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

எல்லா ஆலைகளும் கைவிரித்த பிறகு, அனஸை நம்பி வேலை கொடுத்தது வீரவநல்லூர் சாலையில் மில் நடத்துகிற சித்ரலேகா. கணவர் போன பிறகு மில்லைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெண். பழைய கூரையின் திருகுத் துளைகள் வழியாக ஒவ்வொரு மழைக்கும் ஒழுகி ஒழுகி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அந்தப் புதுவிதக் கூரையைப் போட்டிருந்தார். அதனால் துளை போட மாட்டேன் என்று அனஸ் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"இந்தக் கூரையில ஒரு ஓட்டை விழப்பிடாது தம்பி. அதுதான் எனக்கு வேணும்."

"விழாதுக்கா. விழுந்துச்சுன்னா, நான் இந்த வேலையே பாக்கல."

இப்படி நாக்கை அடமானம் வைக்கிற பழக்கத்தை நம் ஆட்கள் எப்போது விடப்போகிறார்களோ தெரியவில்லை. ஆனால் அனஸுக்கு அன்றைக்கு வேறு வழியில்லை. இந்தக் கூரை நன்றாக நின்றால் மற்ற ஆலைக்காரர்கள் தேடி வருவார்கள். நிற்கவில்லை என்றால் ஆமிரின் விசாதான்.

சித்திரை வெயிலில் வேலை நடந்தது. கிழக்கிலிருந்து வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே போய், கடைசியாக மேற்கு ஓரத்துக்கு வந்தார்கள். அந்த ஓரத்தில் நின்றால் எதிரே மலை. கீழே நெல் காயப்போடும் களம். புழுங்கல் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டு எப்போதும் நாலைந்து பெண்கள் அங்கே இருப்பார்கள். கார்த்திகேசன் அந்த ஓரத்தில் நின்று மலையைப் பார்த்தான், களத்தைப் பார்த்தான். இந்த ஒரு வரிசைக்கு மட்டும் கீழே கூரையைத் தாங்குகிற இரும்புவரை இறங்குகிற மாதிரித் திருகு போட்டுக்கொள்வோம் என்றான். அனஸ் சிரித்தான். தம்மாமில் புழுதிக்காற்று அடித்துப் பார்த்திருக்கிறாயா, அதற்கே நின்ற கிளாம்ப் இது என்றான்.

"அது மணல் காத்துலே. இது மலைக் காத்து" என்றான் கார்த்திகேசன்.

அனஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்மாமில் செய்தபடியே ஒரு மடிப்பு விட்டு ஒரு மடிப்புக்கு கிளாம்ப் மாட்டினான், அங்கே எவ்வளவு இறுக்கினானோ அவ்வளவே இறுக்கினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு அனஸ் கூரையை விட்டு இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போனான். எல்லா வெள்ளியும் அவன் போனதும் கார்த்திகேசனும் இறங்கி, சாப்பிட்டு, வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பான். அன்றைக்கு அனஸ் திரும்பி வந்தபோது மேற்கு வரிசைப் பேனல்கள் முழுக்க ஏறியிருந்தன. வெயிலில் மில் ஆட்கள் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறான். அனஸ் அவன் தோளைத் தட்டிப் பாராட்டினான். கார்த்திகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆனி வந்தது, ஆடி வந்தது. அந்த வருஷம் காற்று சும்மா வரவில்லை. வாழைகள் சாய்ந்தன, முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகை போயிற்று. சித்ரலேகாவின் கூரையில் ஒரு பேனல்கூட அசையவில்லை. அன்றைக்கு டீ கொடுத்து அனுப்பியவர்களெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பேர் தங்கள் மில்லுக்கும் வந்து பார்க்கச் சொன்னார்கள். இஷ்ரத் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, "வாப்பா, பையைப் பிடிங்க" என்று அதிகாரமாகச் சொல்லப் பழகியிருந்தாள். அந்த அதிகாரத்துக்காக அனஸ் எதையும் செய்வான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. நாலாம் நாள் சித்ரலேகா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அனஸைப் பயமுறுத்தியது. வந்து பாருங்கள் தம்பி என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகேசனையும் கூட்டிக்கொண்டு போனான். கிடங்கின் மேற்குப் பக்கத்தில், கார்ப் பருவ அறுவடையில் வாங்கி அடுக்கிய நெல் மூட்டைகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. கீழ் அடுக்கில் சாக்கின் இழை வழியாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. புளித்த வாடை. மேலே அண்ணாந்தால், ஓரத்துத் தகரத்திலிருந்து சொட்டு நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அனஸ் கார்த்திகேசனைத் திரும்பிப் பார்த்தான். அவன் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மழை சற்று ஓய்ந்ததும் அனஸ் ஏறினான். கார்த்திகேசன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வழுக்குகிற தகரத்தில் பைய ஊர்ந்து போய், மேற்கு வரிசைப் பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கன்னத்தைத் தகரத்தோடு வைத்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். சட்டத்தின் அடியில் எல் வடிவ இரும்புத் துண்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு துண்டிலிருந்தும் திருகு தகரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. துளையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் இருக்க பேஸ்ட் அப்பியிருந்தது. சித்திரையிலிருந்து ஐப்பசிவரை தகரம் நீண்டும் சுருங்கியும் இழுத்ததில் துளை பெரிதாகி, பேஸ்ட் பிய்ந்து தொங்கியது. அந்த வழியாகத்தான் தண்ணீர் போகிறது. மற்ற வரிசைகளில் ஒரு திருகுகூட இல்லை. இந்த வரிசையில் மட்டும்தான். எந்த நாள், எந்த நேரம் என்று அவனுக்குப் படுத்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அவன் இறங்கி வரும்போது ஏணியடியில் சித்ரலேகாவும் வந்து நின்றார். கையில் ஒரு பிடி முளைத்த நெல். கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, திருகு போட்ட ஓட்டை என்றான் அனஸ்.

"யாரு போட்டது?"

கார்த்திகேசனின் இரண்டு கையும் இன்னும் ஏணியில்தான் இருந்தன. அவன் வாயைத் திறந்தான்.

"நான் போடலக்கா" என்றான் அனஸ், அவனுக்கு முந்திக்கொண்டு. "நான் ஜும்மாவுக்குப் போயிருந்தேன். இவன்தான் போட்டிருக்கான். எனக்குத் தெரியாது."

சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை என்றாலும், அதைச் சொன்ன வேகம் ஒன்று இருக்கிறது இல்லையா. கார்த்திகேசன் திறந்த வாயை மூடிக்கொண்டான். சித்ரலேகா அவனைப் பார்த்ததும் ஆமாம் என்று தலையசைத்தான். ஏணியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு தூறலில் போய்விட்டான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு வாரத்தில் சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம்வரை செய்தி போய்விட்டது. அனஸ் வேலை சுத்தமாம், கூட இருந்தவன்தான் திருட்டுத்தனமாகத் திருகு அடித்து மில்லையே கெடுத்துவிட்டானாம். கார்த்திகேசன் பேசி வைத்திருந்த இரண்டு ஷீட் வேலைகள் கைவிட்டுப் போயின. அனஸுக்கு வந்த வேலைகள் கையை விட்டுப் போகவில்லை. அவனுக்கு நெஞ்சு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் தப்பு அவனுடையதுதானே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி அந்த உறுத்தலைப் படுக்கப் போட்டான்.

வெயில் முகம் காட்டிய அன்று, கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போய் மேற்கு வரிசையைப் பிரித்தான். பேனல்களைக் கழற்றி நகர்த்திவிட்டு மற்ற இருவரும் டீக்குடிக்க இறங்கினார்கள். அனஸ் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்தான். முதல் இரும்புத் துண்டைப் பார்த்தான். அது மேல்நோக்கி வளைந்திருந்தது. இரும்பு தானாக வளையாது. அடுத்ததும் வளைந்திருந்தது. சரி என்று பக்கத்தில் இருந்த தன் கிளாம்ப்பைத் தொட்டுப் பார்த்தான். மடிப்பின் அடியில் கவ்வியிருக்க வேண்டிய கிளாம்ப், மடிப்பின் உச்சிவரை ஏறி, நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அது வழுக்கி ஏறிய தடம் தகரத்தின் பெயிண்டில் கோடாக உரிந்து கிடந்தது. விரலால் லேசாக நெம்பியதும் கையோடு வந்துவிட்டது.

வரிசை நெடுகப் போய்ப் பார்த்தான். ஏறக்குறைய எல்லாம் அப்படித்தான். இங்கே மடித்த தகரம் தம்மாம் தகரத்தைவிட மெல்லிசு; அங்கே போதும் என்றிருந்த இறுக்கம் இதற்குப் போதவில்லை. ஓரத்து வரிசைக்கு மடிப்புக்கு ஒன்று மாட்டியிருக்க வேண்டும். அவன் விட்டு விட்டு மாட்டியிருந்தான். ஆடிக் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கியிருக்கிறது. கிளாம்ப் விட்டுக்கொடுத்துவிட்டது. இரும்புத் துண்டு வளைந்ததே தவிர விடவில்லை. அதில் இருந்த திருகும் விடவில்லை.

கீழே களத்தில் பெண்கள் நனைந்த நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வரப்பு வரப்பாகக் காலால் இழுத்துக்கொண்டே அவனுக்கு நேர் கீழே வந்து திரும்பிப் போனாள். அனஸ் கூரை நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். டீக்குடிக்கப் போனவர்களுக்கு கிளாம்ப் எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியாது. இப்போதே எல்லாவற்றையும் இறக்கி இறுக்கிவிட்டு, கூடக் கொஞ்சம் மாட்டிவிட்டால் கதை முடிந்தது. பெயர் கெடாது. வேலைகள் வரும். இஷ்ரத்தின் பையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடக்கலாம். சொன்னால், சோலார்காரன் கிளாம்ப்பே நிற்கவில்லையாம் என்று ஆகிவிடும், அப்புறம் எந்த மில்காரர் கதவைத் திறப்பார்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நாம் சொல்வது எத்தனை சுலபம். அந்தப் பழியைத் தானே ஏணியடியில் நின்று இன்னொருவன்மேல் இறக்கி வைத்தவனுக்கு, அதை மறுபடி எடுத்துத் தன் தலையில் வைப்பது சுலபமாக இல்லை. போனவர்கள் டீ குடித்துத் திரும்பி வரும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு இறங்கிப் போய், வளைந்த துண்டு ஒன்றையும் கிளாம்ப் ஒன்றையும் சித்ரலேகாவின் மேஜைமேல் வைத்தான். நடந்ததைச் சொன்னான். அவர் இரும்பை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்தார்.

"இத என்கிட்ட சொல்லாமலே சரி பண்ணியிருக்கலாமே தம்பி."

"பண்ணியிருக்கலாம்க்கா. ஆனா அவன் பேருல்லா கெட்டுக் கிடக்கு."

நெல் போனது போயிற்று, கூரையைச் சரியாகப் பண்ணிக் கொடுங்கள் என்றார். துளை விழுந்த தகரங்களை மாற்றச் சொன்னார். வேலையை அவனிடமிருந்து பிடுங்கவில்லை. ஆனால் மற்ற ஆலைக்காரர்கள் கேட்டால் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன், அதற்குமேல் அவர்கள் பாடு, உங்கள் பாடு என்றார். அனஸ் சரி என்றான். அவன் வாசல் தாண்டும்போது கூப்பிட்டார்.

"என்கிட்ட வந்து நிக்கிறதுக்கு முன்னால அந்தத் தம்பிகிட்டல்லா போயிருக்கணும் நீங்க."

நேரே குறுக்குத்துறைக்குப் போனான். ஆறு கலங்கலாக, முருகன் கோவில் மண்டபம்வரை ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகேசன் கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அனஸ் மேலே கண்டதையெல்லாம் சொன்னான். திருகு இல்லையென்றால் ஆடியிலேயே வரிசையோடு களத்தில் விழுந்திருக்கும் என்றான். அக்காவிடம் சொல்லிவிட்டேன், கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன் என்றான். கார்த்திகேசன் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. காற்றடித்த அன்றைக்குக் களத்தில் ஆட்கள் இருந்தார்களா என்று மட்டும் கேட்டான். எப்போதும் இருப்பார்கள்தானே என்றான் அனஸ்.

"நான் ஒண்ணும் தெரிஞ்சு போடலலே. பயந்துக்கிட்டுப் போட்டேன். நெல்லு அழிஞ்சதும் என்னாலதான்."

"ரெண்டு பேருமாச் சரி பண்ணுவோம். நாளைக்கு வா. மேக்கு வரிசைய நீ சொல்லுத மாதிரியே போடுவோம்."

"நான் வரல."

கார்த்திகேசன் தண்ணீரைப் பார்த்தபடி பைய, கோபமில்லாமல் சொன்னான்.

"அன்னைக்கு அக்காட்ட நானே சொல்லணும்னுதாம்லே ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாயத் தொறந்தேன். நீ என் பேரச் சொல்லிட்ட. ஒரு நிமிசம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன். இனிமே உன்கூடக் கூரையில ஏறுனா, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இவன் மொதல்ல என்னையத்தான் கைகாட்டுவான்னு நெனச்சுக்கிட்டே நிக்கணும். அப்படி நெனச்சுக்கிட்டு மேல நிக்க முடியாதுலே, விழுந்துருவேன்."

அனஸுக்குத் தன்மேலேயே வந்த வெறுப்பை அந்த ஆற்றில்கூடக் கழுவ முடியாது என்று தோன்றியது.

வீட்டுப் பக்கமிருந்து கார்த்திகேசனின் மனைவி கூப்பிட்டாள். சோறு ஆயிற்று, வந்த ஆளையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கார்த்திகேசன் முன்னால் நடந்து போய், முன்னறையில் பாயை விரித்து, அனஸை உட்காரச் சொல்லி, தானே சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்தான். தட்டு வந்தது. ஒரே ஒரு தட்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வீட்டில் அனஸ் தனியாகச் சாப்பிட்டதே கிடையாது.

"சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, கார்த்திகேசன் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.